எஸ்டிமேட்டில் இருக்கும் லாபம் கைக்கு வராதது ஏன்?

காவிரிக்கரை சிவில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். அரசு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்து யூனியன் ரோடு, பள்ளிக் கட்டடம் மாதிரி சின்ன வேலைகளுக்கு டெண்டர் போடலாம் என்று யோசனை.

எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தால் லாபம் உள்ளேயே இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் டேட்டா புக்கில் (ரேட் கணக்கிடும் வழிகாட்டி நூல்) ஒப்பந்ததாரர் லாபம் 10 சதவீதம், மேற்செலவு அதற்குத் தனி. மத்திய பொதுப்பணித் துறையின் ரேட் அனாலிசிஸில் இரண்டும் சேர்த்து 15 சதவீதம். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் "உள்ளே வராதே தம்பி" என்கிறார்கள். சிலர் நிலத்தை விற்றுக் கடனை அடைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் நன்றாகவும் இருக்கிறார்கள். எஸ்டிமேட்டில் எழுதியிருக்கும் அந்த 10 எங்கே போகிறது? அனுபவம் உள்ளவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

முக்கால் ஜல்லி

தம்பி, தென் மாவட்டத்தில் ரோடு வேலை செய்கிறேன், அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். முதல் வெட்டு நம்ம கையாலேயே விழுது. டெண்டரில் லெஸ் போடுகிறோமே, அதாவது எஸ்டிமேட்டை விடக் குறைத்துக் கேட்கிறோமே, அதுதான்.

முன்பு ஒரு யூனியனில் வேலை வந்தால் அந்த வட்டாரத்து ஆட்கள் மட்டும் போடுவார்கள். இ-டெண்டர் வந்த பிறகு எங்கோ இருக்கிறவரும் உட்கார்ந்த இடத்திலிருந்து போடுகிறார். அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம ஊர் மண் என்ன, தண்ணி எவ்வளவு தூரத்திலிருந்து வரும், கிரஷர் எங்கே என்று தெரியாமல் 18 சதவீதம், 20 சதவீதம் லெஸ் போடுகிறார்கள். ரொம்பக் குறைத்தால் கூடுதல் வைப்புத்தொகை கட்டச் சொல்கிறார்கள். அதையும் கட்டிவிட்டு வேலையை எடுக்கிறார்கள்.

நஷ்டம் என்று தெரிந்தே ஏன் போடுகிறார்கள் என்று கேட்பாய். டிப்பரும் ரோலரும் பேவரும் டியூவில் நிற்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத் தவணை கட்டியாக வேண்டும். டிரைவர், ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள். இன்னொன்று, போன வேலைக்கு ஜல்லிக்காரருக்கும் தார்க்காரருக்கும் பாக்கி இருக்கும். புது வேலையின் முதல் பார்ட் பில் (முடிந்த பகுதிக்கான பணம்) வந்தால் அதைக் கொடுத்து அடைக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். அப்படிப் பழைய கடனுக்காக எடுத்த வேலைதான் அடுத்த கடனுக்குக் காரணமாகும். நிலத்தை விற்றவர்கள் பெரும்பாலும் இந்தச் சுழலில் மாட்டியவர்கள்.

நீ போடும்போது பக்கத்தில் யார் எவ்வளவு போடுவார்கள் என்று பார்க்காதே. உன் அடக்கம் என்ன என்று பார்த்துப் போடு. கிடைக்காவிட்டால் விடு.

ஓய்வுபெற்ற ஏ.இ.இ.

முக்கால் ஜல்லி சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். உதவி செயற்பொறியாளராக (ஏ.இ.இ.) இருந்து எஸ்டிமேட் போட்டவன் என்ற முறையில் மறுபாதியை நான் சொல்ல வேண்டும்.

எஸ்டிமேட் போடும் நாளில் எந்த ஷெட்யூல் ரேட் (அரசு நிர்ணயித்த விலைப் பட்டியல்) நடைமுறையில் இருக்கிறதோ அதில்தான் போடுவோம். பிறகு நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம், இடம் ஒப்படைப்பு என்று போய், மண்வெட்டி தரையில் விழும்போது சந்தை விலை வேறாக இருக்கும். ரேட் புத்தகம் ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. எம்சாண்டும் டீசலும் அந்த ஒரு வருஷத்துக்குக் காத்திருப்பதில்லை.

அடுத்தது லீட். குவாரியிலிருந்து வேலை இடம் வரை எத்தனை கிலோமீட்டர் என்று போட்டு வண்டிக் கூலி கணக்கிடுவோம். எஸ்டிமேட்டில் காட்டிய குவாரிக்கு உரிமம் முடிந்துபோயிருக்கும், ஒப்பந்ததாரர் அதைவிட இரட்டிப்புத் தூரத்திலிருந்து கொண்டுவருவார். ஜல்லியும் கிராவலும் அதிகம் போகும் ரோடு வேலையில் இந்த ஒன்றே லாபத்தைத் தின்றுவிடும். டெண்டர் போடும் முன் லீட் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள் என்று இளைஞர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

மூன்றாவது, கூடுதல் ஐட்டம். தோண்டினால் பாறை வரும், களிமண் வரும், யாருக்கும் தெரியாத குடிநீர்க் குழாய் வரும். வாய்மொழியாக "செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர் மாறுதலாகிப் போய்விட்டால் அடுத்து வருபவர் ஒப்புதல் இல்லாத அளவை எம்.புக்கில் (செய்த வேலையின் அளவுப் புத்தகத்தில்) ஏற்றமாட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு சட்டி மண்கூடக் கூடுதலாக அள்ளாதீர்கள்.

2021இல் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலர் கண்டிப்பாக உத்தரவிட்டார். வீடுகள் ரோட்டை விடப் பள்ளத்தில் போவதைத் தடுக்க மிக அவசியமான உத்தரவு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிங் மெஷின் வாடகை, சுரண்டியதை அப்புறப்படுத்தும் செலவு இரண்டும் எஸ்டிமேட்டில் முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் டெண்டர் போட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

கணக்கர் கோவை

பல ஒப்பந்ததாரர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். லாபம் ரேட்டில் போவதை விட நாளில்தான் அதிகம் போகிறது என்பது என் கருத்து. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஜிஎஸ்டி நீங்கலாக 1 கோடி ரூபாய் எஸ்டிமேட். நேரடிச் செலவு 84 லட்சம் என்று வைப்போம். அதில் 8 சதவீதம் மேற்செலவு 6.7 லட்சம். இரண்டும் சேர்ந்து 90.7. அதன் மேல் 10 சதவீத லாபம் 9.1. கூட்டினால் கிட்டத்தட்ட 1 கோடி வந்துவிடும். இப்போது 5 சதவீதம் லெஸ் போடுகிறீர்கள். அதுவே இன்று அடக்கமான லெஸ்தான். லாபம் 4 லட்சத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

வேலையை முடித்தாயிற்று. 60 லட்சம் பில் ஐந்து மாதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 4.5 லட்சம். லாபம் போய்க் கையிலிருந்தும் கொஞ்சம் போயிற்று. இந்தக் கணக்கில் யாரும் திருடவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை, வேலையும் சரியாக நடந்தது. பணம் தாமதமானது மட்டும்தான் நடந்தது.

இதற்கு மேல் பில்லில் பிடித்தங்கள். வருமான வரி டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1. இவை போக, குறைபாடு பொறுப்புக் காலத்துக்காக (வேலை முடிந்த பின் பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரி செய்ய வேண்டிய காலம்) பிடித்து வைக்கும் தொகை வேறு. டிடிஎஸ் இரண்டும் பின்னால் கணக்கில் நேர் செய்துகொள்ளக் கூடியவைதான், ஆனால் அந்த மாதம் சம்பளம் போட அது கையில் இருக்காது.

ஜிஎஸ்டி தனிக் கதை. அரசு வேலைகளுக்கு 12 சதவீதமாக இருந்தது 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. நடந்துகொண்டிருந்த வேலைகளில் அந்த 6 சதவீத வித்தியாசத்தை யார் தருவது என்று துறைகளோடு இழுபறி. கிடைக்காதவர்களுக்கு அது அப்படியே லாபத்திலிருந்து போனது. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, அது நல்ல செய்தி. ஆனால் ஜல்லி, எம்சாண்டுக்கு 5தான், கூலிக்கு வரியே இல்லை, ஆகவே உள்ளீட்டு வரவு (பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) குறைவாகவும் கட்ட வேண்டியது அதிகமாகவும் இருக்கும். மீதியைக் கைக்காசில் கட்ட வேண்டும். பணம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய நிலை பலருக்கு வருகிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

வார்டு உறுப்பினர்

இங்கே எல்லோரும் பாவம் மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் கிராமத்தில் போட்ட ரோடு ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. கையால் தோண்டினால் பெயர்ந்து வருகிறது. பிரசவத்துக்குப் போகும் பெண்ணை ஆட்டோவில் அந்த ரோட்டில் கொண்டுபோகிறோம். லாபம் இல்லை என்றால் வேலையை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

யாரும் இன்னும் கமிஷன் பற்றிப் பேசவே இல்லையே. ஊருக்கே தெரிந்த விஷயம்.

முக்கால் ஜல்லி

அம்மாவோ ஐயாவோ தெரியவில்லை, உங்கள் கோபம் நியாயமானது. ரோட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், இதை வெளியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு கிலோமீட்டர், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் தார்க்கலவை என்றால் சுமார் 265 டன் கலவை வரும். அதில் தார் அளவை அரை சதவீதம் குறைத்தால் டன்னுக்கு 5 கிலோ, மொத்தம் 1,300 கிலோவுக்கு மேல். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 65,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கண்ணால் பார்த்தால் தெரியாது, புது ரோடு கருப்பாகத்தான் இருக்கும். 30 மில்லிக்குப் பதில் 25 போட்டால் மிச்சம் அதை விடப் பெரிது. அடியில் ஜல்லியை உருட்டும்போது தண்ணீரும் ரோலர் ஓட்டமும் குறைத்தால் டீசல் மிச்சம். லெஸ் போட்டவர் இழந்ததை இப்படித்தான் திரும்ப எடுக்கிறார். உங்கள் ஐப்பசி மழை அந்த அரை சதவீதத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்கியது.

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. சரியாகப் போடுகிறவன் 20 சதவீதம் லெஸ் போடுகிறவனோடு போட்டியிட முடியாமல் வெளியே நிற்கிறான். அது எனக்கு ரொம்ப வலிக்கிறது.

கமிஷன் பற்றி மற்றவர்கள் பேசட்டும்.

ஓய்வுபெற்ற ஏ.இ.இ.

நானே பேசுகிறேன். பணியில் இருந்தவன் என்பதால் நான் மௌனமாக இருந்தால் அது தவறாகும்.

கர்நாடகத்தில் 2021இல் அந்த மாநில ஒப்பந்ததாரர் சங்கம் 40 சதவீதம் கேட்கிறார்கள் என்று பிரதமருக்கே கடிதம் எழுதியது. 2023 தேர்தலில் அது பெரிய பிரச்சினையானது. அந்த எண் சரியா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சங்கம் தன் பெயரோடு அப்படி எழுதும் நிலை வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எஸ்டிமேட்டில் கமிஷனுக்கு எந்த ஐட்டமும் கிடையாது. அது கொடுக்கப்படுகிறது என்றால் லாபத்திலிருந்தோ தரத்திலிருந்தோ எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். லாபமே நாலைந்து சதவீதமாகச் சுருங்கிவிட்ட வேலையில் தரத்தைத் தவிர எடுக்க வேறு இடமில்லை. கொடுத்தவரிடம் கண்டிப்பு காட்டும் தைரியமும் வாங்கியவருக்கு இருக்காது. கோர் எடுத்து (ரோட்டைத் துளைத்து மாதிரி எடுத்து) தடிமன் பார்க்க வேண்டியவர் பார்க்காமல் போவார்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. "எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

தளப் பொறியாளர் மதுரை

வணக்கம். நான் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தில் தளத்தில் நிற்கிற பெண் பொறியாளர். கணக்கர் சார் பில் தாமதத்தைச் சொன்னார். பில்லுக்கு முன்னாலேயே ஒரு தாமதம் இருக்கிறது, அதை யாரும் எழுதவில்லை. வேலை இடம் கைக்கு வராத தாமதம்.

ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் நடு ரோட்டில் மின்கம்பம் நிற்கும். அதை மாற்ற மின்வாரியத்துக்குப் பணம் கட்டி, அவர்கள் எஸ்டிமேட் போட்டு, ஆள் வர வேண்டும். மரம் வெட்ட அனுமதி தனி. ஒரு பக்கம் ஆக்கிரமிப்பு வழக்கு. பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. அதுவரை என் ஜே.சி.பி. நிற்கும், ஆபரேட்டருக்குப் படி கொடுக்க வேண்டும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குத் தங்கும் இடமும் சாப்பாட்டு முன்பணமும் கொடுக்க வேண்டும். நாலு நாள் வேலை இல்லை என்றால் அவர்கள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே. திரும்ப ஆள் பிடிக்க மேஸ்திரிக்குப் புதிதாக முன்பணம்.

அப்படி இழுத்து இழுத்து வேலை அக்டோபருக்குள் போய்விட்டால் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் வரை தார் போட முடியாது. ஜனவரியில் மறுபடி எல்லோரையும் திரட்ட வேண்டும். கால நீட்டிப்பு கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் "கூடுதல் தொகை கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். ஆறு மாத வேலை பதினைந்து மாதம் ஆனால் தள அலுவலகம், காவலாளி, என் சம்பளம் எல்லாம் பதினைந்து மாதத்துக்குப் போகும். எஸ்டிமேட்டில் இருக்கிற மேற்செலவு ஆறு மாதத்துக்கு மட்டும்தான்.

கிரஷர் ரோடு

மெட்டீரியல் சப்ளை செய்கிறவன் பேசுகிறேன். ஒப்பந்ததாரர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் வைக்கிறேன்.

2025 ஏப்ரலில் கனிம வள நிலங்களுக்குப் புது வரி வந்தது, சீனியரேஜ் கட்டணத்தை (கனிமம் எடுக்க அரசுக்குக் கட்டுவது) கன மீட்டரிலிருந்து டன் கணக்குக்கு மாற்றினார்கள். குவாரி, கிரஷர் எல்லாம் வேலைநிறுத்தம். மாநிலம் முழுக்க ஜல்லியும் எம்சாண்டும் கிடைக்கவில்லை, பேச்சுவார்த்தைக்குப் பிறகு கட்டணம் குறைந்தாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. அந்த மாதம் வேலை நடந்துகொண்டிருந்த அரசு ஒப்பந்ததாரருக்குப் பழைய ரேட்தான். வீடு கட்டுகிறவர் வீட்டுக்காரரிடம் போய் "சார், விலை ஏறிவிட்டது" என்று பேசலாம். அரசாங்கத்திடம் யாரிடம் போய்ப் பேசுவது?

கம்பியும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் டன் 75,000 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு வரி போட்ட பிறகுதான் இறங்கியது. அதற்கு முன் குறித்த விலையில் பாலம் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்கு நேரில் தெரியும், அவர்களுக்குக் கடனுக்குப் பொருள் கொடுத்தவன் நான். தார் விலை எண்ணெய் நிறுவனங்களில் மாதத்தில் இரண்டு முறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் மாறும்.

ஒப்பந்ததாரருக்குப் பில் வராவிட்டால் எங்களுக்கு வராது. எங்களுக்கு வராவிட்டால் வெடிமருந்துக்காரருக்கும் லாரிக்காரருக்கும் வராது. கடனுக்கு ஜல்லி கேட்டால் யூனிட்டுக்கு விலை கூட்டித்தான் கொடுக்கிறோம், எங்களுக்கும் வட்டி ஓடுகிறதே. ரொக்கம் வைத்திருப்பவர் அதே டெண்டரில் லாபம் பார்ப்பார், கடனில் ஓடுகிறவர் நஷ்டப்படுவார். தொடங்கியவர் கேட்டாரே, சிலர் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறார்கள் என்று, அதற்குப் பாதி விடை இதுதான்.

வன்னி மண்

வவுனியாவிலயிருந்து எழுதுறன். உங்கட இழையை வாசிக்க எங்கட கதைமாதிரியே கிடக்கு. ஒரு விசயம் மட்டும் வேறை, அதைச் சொல்லுவம் எண்டுதான் வந்தனான்.

இலங்கையில விலையேற்றத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கு. கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை சீமெந்து, கம்பி, எரிபொருள், கூலி எண்டு ஒவ்வொண்டுக்கும் மாதாமாதம் விலைச் சுட்டெண் வெளியிடும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) குடுக்கேக்க இருந்த சுட்டெண்ணையும் வேலை செய்த மாதத்துச் சுட்டெண்ணையும் ஒப்பிட்டு, அந்த வேலையில அந்தப் பொருளின்ர பங்கு எவ்வளவோ அதுக்கேற்ப வித்தியாசத்தைத் தருவினம். முழுசா வராது, ஒரு பங்கு எங்கட தலையிலதான். ஆனா முழு அடியும் எங்களுக்கு மட்டும் விழாது.

ஆனா 2022இல அந்தச் சூத்திரமும் எங்களைக் காப்பாற்றேல்லை. ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சீமெந்துப் பை மூவாயிரம் அளவுக்குப் போச்சு. டீசலுக்கு வரிசை. சூத்திரப்படி வரவேண்டிய காசு கணக்கில கிடந்தது, திறைசேரியில காசு இல்லை. செய்து முடிச்ச வேலைக்கே காசு வராமல் எத்தினையோ சின்ன ஒப்பந்தகாரர் தொழிலை விட்டிட்டினம். வங்கி வட்டியும் அந்த வருசம் தாறுமாறா ஏறினது. சூத்திரம் இருந்தாலும், நேரத்துக்குக் காசு தாற ஆள் இல்லையெண்டா பலன் குறைவு. கணக்கர் அண்ணை சொன்னது முழுக்கச் சரி.

காவிரிக்கரை சிவில்

எல்லோருக்கும் நன்றி. வன்னி மண் அண்ணா சொன்ன மாதிரி இங்கே விலை மாற்றப் பிரிவு கிடையாதா?

ஓய்வுபெற்ற ஏ.இ.இ.

உண்டு தம்பி, ஆனால் எல்லா வேலைக்கும் கிடையாது. மத்திய பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் 10சிஏ, 10சிசி என்ற பிரிவுகளைத் தேடிப் பாருங்கள். முதலாவது சிமெண்ட், கம்பி போன்ற குறித்த பொருள்களுக்கு, இரண்டாவது நீண்ட கால வேலைகளில் பொதுவான ஏற்ற இறக்கத்துக்கு. மாநில வேலைகளில் துறைக்குத் துறை, மதிப்புக்கு மதிப்பு மாறும். நீங்கள் எடுக்க நினைக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட யூனியன் வேலைகளில் பெரும்பாலும் இருக்காது. அதாவது விலையேற்றத்தைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. பணியில் இருந்தபோதும் இதை எழுதியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன், இது மாற வேண்டும்.

கணக்கர் கோவை

பணம் வரும் நாள் பற்றி இன்னும் இரண்டு விஷயம்.

மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரன்னிங் பில் (வேலை நடக்கும்போதே கொடுக்கும் பார்ட் பில்) கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் குறைந்தது 75 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு, சரிபார்ப்பை அப்புறம் முடித்து மீதியைக் கொடுங்கள் என்று. மிக நல்ல ஏற்பாடு. மாநிலத் துறைகளும் உள்ளாட்சிகளும் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் நான் மேலே போட்ட கணக்கில் நாலரை லட்சம் வட்டி ஒரு லட்சமாகக்கூட இருக்காது. ஒப்பந்ததாரர் சங்கங்கள் ரேட்டை உயர்த்தச் சொல்லிப் போராடும் நேரத்தில் இதைக் கேட்டுப் போராடலாம். அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

கேரளத்தில் வேறு வழி. கருவூலத்தில் பணம் இல்லாதபோது பில்லுக்கு உறுதிச்சீட்டு கொடுக்கிறார்கள், அதை வங்கியில் கொடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு முன்கூட்டியே பணம் எடுக்கலாம். வட்டியில் ஒரு பங்கை ஒப்பந்ததாரர் சுமக்க வேண்டும், ஆனாலும் கந்துவட்டிக்குப் போவதை விட மேல்.

வேலைக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். மாநில நிதியா, மத்திய திட்டமா, உள்ளாட்சியின் சொந்த வருமானமா? ஜல் ஜீவன் திட்டத்தில் மத்தியப் பங்கு நின்றபோது பல மாநிலங்களில் குழாய் போட்டவர்கள் பில்லோடு நின்றார்கள். சொந்த வருமானம் குறைந்த பேரூராட்சியில் பொது நிதி வேலை என்றால் நான் என் வாடிக்கையாளர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். மார்ச் மாதம் பட்ஜெட் முடியும் முன் எல்லாப் பில்லும் ஒன்றாகக் குவியும், அதில் உங்கள் எம்.புக் மேஜையில் இல்லாமல் போனால் அடுத்த நிதியாண்டு ஒதுக்கீடு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

வார்டு உறுப்பினர்

படித்தேன். வேலை எடுத்தவர் மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ரோட்டுக்கு எத்தனை சதவீதம் லெஸ் போட்டு எடுத்தார்கள், கோர் எடுத்த அறிக்கை என்ன, குறைபாடு பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது, மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போடப் போகிறேன். பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் அவர் செலவில்தானே சரி செய்ய வேண்டும்?

முக்கால் ஜல்லி

ஆமாம், அவர் செலவில்தான். பிடித்து வைத்த தொகையும் அதற்குத்தான். கட்டாயம் கேளுங்கள். உங்களை மாதிரி நாலு பேர் கேட்டால் சரியாகப் போடுகிறவனுக்குப் பிழைப்பு இருக்கும்.

சிவில் வழக்கறிஞர் திருச்சி

இழையின் கடைசிப் பகுதியில் வருகிறேன். காவிரிக்கரைத் தம்பிக்கும் ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் சட்டப் பக்கம் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் "தாமதத்துக்கு வட்டி கிடையாது" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பின்னால் நடுவரால்கூட (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) அந்தக் காலத்துக்கு வட்டி கொடுக்க முடியாமல் போகும். நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 31(7) பிரிவு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரைதான் வட்டி என்கிறது, உச்ச நீதிமன்றமும் அப்படியே நிலைநிறுத்தியிருக்கிறது. அந்த வரி இருக்கும் டெண்டரில், பணம் எத்தனை மாதம் நிற்கும் என்று கணித்து வட்டியை உங்கள் ரேட்டிலேயே ஏற்றிவிட வேண்டும்.

நடுவர் மன்றம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், 10 கோடிக்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் நடுவர் பிரிவு வைத்தால் போதும் என்ற வழிகாட்டுதலைக் கொடுத்தது. மாநில ஒப்பந்தங்கள் பலவற்றில் நேராக சிவில் நீதிமன்றம்தான். அங்கே எவ்வளவு காலம் ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023இல் மத்திய அரசு தீர்வுத் திட்டம் ஒன்று கொண்டுவந்தபோது நீதிமன்றத் தீர்ப்புத் தொகையில் 85 சதவீதம், நடுவர் தீர்ப்பில் 65 சதவீதம் வரை என்று கொடுத்தார்கள். வெற்றி பெற்ற வழக்கில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால் காத்திருப்பின் விலை உங்களுக்குப் புரியும்.

மிக முக்கியமானது கால வரம்பு. செய்த வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். பணம் கொடுக்கத் தேதி எதுவும் குறிக்காத வேலையில் முடித்த நாளிலிருந்தே அது ஓட ஆரம்பிக்கும். "அதிகாரியைப் பகைக்க வேண்டாம், அடுத்த வேலை தருவார்" என்று காத்திருந்து, நாலாவது வருஷம் கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அந்த நிலையில் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

காவிரிக்கரை சிவில்

ஐயா, மூன்று வருஷம் முடியப் போகிறது, வழக்கும் போட மனமில்லை என்றால் வேறு வழி இருக்கிறதா? என் மாமாவுக்கு ஒரு பில் அப்படி நிற்கிறது.

சிவில் வழக்கறிஞர் திருச்சி

இருக்கிறது. மூன்று ஆண்டு முடிவதற்குள், இவ்வளவு தொகை பாக்கி இருக்கிறது என்று துறை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து கால வரம்பு புதிதாகத் தொடங்கும். நிதி ஒதுக்கீடு வந்ததும் வழங்கப்படும் என்று பாக்கியை ஏற்றுக்கொண்டு செயற்பொறியாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போதும். மாமாவை இந்த வாரமே பதிவுத் தபாலில் நிலுவை விவரம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், எம்.புக் எண், பக்கம், பில் தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பும் எதுவும் கைக்கு வரவில்லை என்றால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அரசு மேல் சிவில் வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு தேவை.